டாஃபடிலும் எங்க அக்காவும்

எட்டாம் வகுப்பில் ‘டாஃபடில்ஸ்’ பாட்டை ஒப்பிக்கத் தெரியாமல் பெஞ்சு மேல் ஏறியவன் நான். அந்தப் பூ எப்படியிருக்கும் என்று வாத்தியாருக்கே தெரியாது ஸார்! ராத்திரி அக்காதான் உட்கார வைத்து உருப்போட வைத்தாள்.

ஆபீஸ் வேலையாக மான்செஸ்டர் போனபோது, ஒரு ஏப்ரல் சனிக்கிழமை வின்டர்மியர் வரை ரயில், அப்புறம் பஸ் என்று கிராஸ்மியரில் இறங்கினேன். ஏரி, மலை, தூறல். வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை குடியிருந்த டவ் காட்டேஜ், நம்ம மாம்பலம் போர்ஷன் சைஸ்தான். 1854-லிருந்து விற்கிற ஜிஞ்சர்பிரெட்டைக் கடித்தேன். இஞ்சி மொரப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி!

விஷயம் இனிமேல்தான். கவிஞர் அந்தப் பூக்களைப் பார்த்தது இங்கே இல்லையாம். அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில், 1802 ஏப்ரல் 15-ல். கூடவே நடந்த தங்கை டோரதிதான் அதை முதலில் டைரியில் எழுதி வைத்தாள். அண்ணன் கவிதை 1807-ல் அச்சேறியது, பேர் அவருக்கு.

எனக்குச் சுருக்கென்றது. நான் காலேஜ் போகணும் என்று பத்தாவதோடு நின்றவள் எங்க அக்கா.

அண்ணனும் தங்கையும் அடங்கியிருக்கிற சர்ச்சை ஒட்டி டாஃபடில் தோட்டம். குட்டி நாதஸ்வரம் மாதிரி மஞ்சள் பூ. அங்கிருந்தே போன் போட்டேன்.

“என்னடா, சாப்ட்டியா?”

“அந்தப் பூவைப் பார்த்துட்டேன்க்கா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள், ஒரு வார்த்தை பிசகாமல்.