எஞ்சின் நுழையாத கரை

ராஜஸ்தானின் பரத்பூருக்கு ஜீப் சவாரியை நினைத்துப் போகிறவர்களுக்கு வாசலிலேயே ஏமாற்றம்தான். அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் நீர்நிலைகளுக்கு நடுவே பார்வையாளர்களின் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு இடமில்லை. நடந்து போகலாம், வாடகைச் சைக்கிள் எடுக்கலாம், ரிக்‌ஷாவில் ஏறிக்கொள்ளலாம். வெளியே ஆக்ரா – ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வில்லாமல் ஹாரன் அடித்தபடி ஓடுகின்றன. சைக்கிளை மிதித்து உள்ளே போகப் போக அந்த இரைச்சல் தேய்ந்துவிடும். அதன் பிறகு காதில் விழுவது சைக்கிள் செயினின் ஓசையும், இரண்டு பக்கத்துத் தண்ணீரிலிருந்தும் எழும் கூச்சலும்தான்.

நீர்ப்பகுதிக்குள் போனபின் சாலை என்பதே கரைதான். ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாதை பார்த்த மாத்திரத்தில் பழகிப்போகும். கரையின் இரு புறமும் தண்ணீர். ஆங்காங்கே மதகு. தண்ணீருக்குள் வரிசையாகக் கருவேல மரங்கள். ஏறக்குறைய 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் கரைகளும் மதகுகளும் நீரைத் தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இது இயற்கையாக உண்டான சதுப்பு நிலம் இல்லை. மனிதர்கள் வெட்டித் திருத்தியது. பதினெட்டாம் நூற்றாண்டில் பரத்பூர் அரசர் சூரஜ்மல் காலத்தில் அஜான் அணை எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அரச குடும்பமும் வெள்ளைக்கார விருந்தினர்களும் வாத்து சுடுவதற்காக, தாழ்வான இந்த நிலத்தில் தண்ணீரைத் தேக்கினார்கள். கேவலாதேவ் கோயிலுக்குப் பக்கத்தில் அந்த வேட்டைகளின் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் வீழ்த்திய பறவைகள் 4,273. அந்தக் கல்லின் முன்னால் சைக்கிளை நிறுத்தி அந்த எண்ணைப் படிக்கும்போது, பின்னால் நீரில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. மனம் கனத்துப்போனது. எந்தக் கரையில் நின்று சுட்டார்களோ அதே கரையில்தான் இன்று நாம் சைக்கிள் ஓட்டுகிறோம்.

சைக்கிளில் போவதன் அருமை சங்குவளை நாரைகளின் கூடுகளுக்கு அருகே போனதும் புரியும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவை அங்கே கூடு கட்டத் தொடங்குகின்றன. ஒரே கருவேல மரத்தில் பல கூடுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்ட மாதிரி நெருக்கமாக. வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம். அலகைத் தட்டி ஓசை எழுப்பும், அவ்வளவுதான். அந்தக் கூச்சல் முழுக்கக் குஞ்சுகளுடையது. நான் பார்த்த கூட்டில் தாயோ தகப்பனோ, வெயிலுக்கு முதுகைக் காட்டி இரண்டு சிறகையும் பாதி விரித்து, குஞ்சுகள் மேல் நிழல் விழும்படி நின்றது. சூரியன் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டது. இரை தேடப் போன இணை வந்து இறங்கியதும் நின்றது பறந்துவிட்டது. வந்தது குனிந்து தொண்டையிலிருந்து மீன்களைக் கூட்டின் தரையில் கக்க, குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பொறுக்கித் தின்றன. வெறும் கண்ணுக்கே அந்த மீன்களின் பளபளப்பு தெரிந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டியிலிருந்து இதைப் பார்க்க வழியே இல்லை.

ஒன்று கவனித்தேன். ஒரே வேகத்தில் போகும் சைக்கிளைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பிரேக் பிடித்துக் காலைத் தரையில் ஊன்றியதும்தான் நீலத் தாழைக்கோழி தலையைத் தூக்கிப் பார்க்கிறது. அல்லியிலைகள் மேல் நடந்துகொண்டிருந்த நீளவால் இலைக்கோழி இரண்டு அடி தள்ளிப் போகிறது. பொறுமையாக அசையாமல் நின்றால் திரும்பவும் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

அங்கே ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வனத்துறையின் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். பறவைகளின் பெயர்களை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்வார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் பெடலை நிறுத்திவிட்டு, காய்ந்த இலைகள் கிடந்த தரையைப் பார்க்கச் சொன்னார். எனக்கு இலைதான் தெரிந்தது. சுட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன். “பாபுஜி, கையை நீட்டாதீங்க, கண்ணாலேயே தேடுங்க” என்றார் இந்தியில். ஒடிந்து கிடக்கும் கிளை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு சாண் என்று அவர் சொல்லச் சொல்ல, இலைகளில் ஒன்று மெல்ல மூச்சு விட்டது. பக்கிப் பறவை. கண்ணை ஒரு கீற்றாக மூடிப் படுத்திருந்தது. வருஷக்கணக்கில் ஒரே பாதையில் மிதித்துப் போகிற மனிதருக்கே அந்தக் கண் வாய்க்கும். வண்டிகளை உள்ளே விட்டால் முதலில் பிழைப்பு போவது இவர்களுக்குத்தான். இவர்களோடு அந்த அறிவும் போய்விடும்.

ஆனால் எதை வெளியே நிறுத்துவது என்பதில் அந்த இடம் ஒரு முறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1981இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்று, அடுத்துத் தேசியப் பூங்கா ஆனபோது, சுற்றுவட்டார கிராமத்து எருமைகள் உள்ளே மேயத் தடை வந்தது. 1982 நவம்பரில் மக்கள் எதிர்த்துத் திரண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எருமைகள் போனபின் நடந்ததைத் தடை கேட்டவர்கள் எதிர்பார்க்கவில்லை. நீரில் ஒரு வகைப் புல் கட்டுக்கடங்காமல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. அதுவரை அந்தப் புல்லை மேய்ந்து நீரைத் திறந்து வைத்திருந்தவை எருமைகளே என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு எடுத்துக்காட்டியது. பிறகு புல் அறுக்க அதே கிராமத்து மக்களை அனுமதிக்க வேண்டி வந்தது. எருமை மேய்ப்பவரையும் மோட்டார் வண்டியையும் ஒரே கண்ணால் பார்த்தது தவறு. முன்னவர் அந்தக் குளத்தின் ஒரு பகுதி. எஞ்சின் அப்படி இல்லை.

தண்ணீர்ப் பிரச்சினை இதைவிடப் பெரியது. கம்பீர் ஆற்று நீர் அஜான் அணை வழியாக வந்தால்தான் பாத்திகள் நிரம்பும். மேலே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை வந்தபின் அது ஒழுங்காகக் கிடைப்பதில்லை. வறண்ட ஆண்டுகளில் நாரைகள் கூடு கட்டாமலேயே போயின. இப்போது சம்பல் ஆற்றிலிருந்து குழாயிலும் கோவர்தன் வடிகாலிலிருந்தும் நீர் கொண்டுவருகிறார்கள். சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து ஆண்டுதோறும் இங்கே குளிர்காலம் கழித்த சைபீரியக் கொக்குகளின் கடைசி ஜோடியைப் பார்த்தது 2001–02 குளிர்காலத்தில். வழியில் வேட்டை, இங்கே நீர்த் தட்டுப்பாடு என்று காரணங்கள் பல. அவை நின்ற நீர்ப்பரப்பு அங்கேயே இருக்கிறது, பறவைதான் இல்லை.

இவ்வளவு தூரம் போய் இதையெல்லாம் பார்த்தபின் நம் ஊர் நினைப்பு வராமல் இருக்காது. அதே சங்குவளை நாரைதான் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுகிறது. பரத்பூருக்கு வரும் அதே பட்டைத்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வந்து அங்கேயும் குளிர்காலம் கழிக்கிறது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் 2022இல் ராம்சார் தளமாகிவிட்டது. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தை ஊடறுத்துப் போகும் துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையில் பகலும் இரவும் வாகனங்கள் பாய்கின்றன. அந்தச் சாலையை மூட முடியாது என்பது எனக்கும் தெரியும். மிச்சமிருக்கும் ஏரிகளிலாவது கரையை அகலப்படுத்தித் தார் போட்டுக் கார்களை விடுவதற்கு முன், அதைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் என்று ஒதுக்கிவைக்க உள்ளாட்சிகள் முடிவெடுக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. ஆரம்பத்தில் ஒரு கம்பித் தடுப்பு போதும்.

தாஜ்மகால் பார்க்க ஆக்ரா போகிறவர்கள் பயணத்தில் இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுகளைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர், அக்டோபர்; வலசை வாத்துகளுக்கு டிசம்பர், ஜனவரி. ஜனவரியில் மூடுபனி விலகவே நேரமாகும், கம்பளி எடுத்துப் போங்கள். போகும்போது ரிக்‌ஷாவில் ஏறி ஓட்டுநரிடம் பறவைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறுபடி சைக்கிள் எடுத்துத் தனியாகப் போய்ப் பாருங்கள்.