கொல்லங்கோட்டின் படமும் பிளாச்சிமடாவின் கிணறும்

கொல்லங்கோட்டில் நின்று தெற்கே நோக்கினால் நெல்லியாம்பதி மலைத்தொடர் அருகிலேயே எழுந்து நிற்கும். மழைக்காலத்தில் அதன் முகத்தில் சீதார்குண்டு அருவி இறங்கும். முன்னே நெல்வயல், வரப்புகளில் பனைகள். 2023ஆம் ஆண்டில் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா சமூக ஊடகத்தில் பகிர்ந்த இந்தியாவின் பத்து அழகிய கிராமங்களின் பட்டியலில் இவ்வூர் இடம்பெற்றது. அதன்பின் பயணிகள் திரளாக வரத் தொடங்கினர். ஒரு நிழற்படம் ஓர் ஊரின் வணிகத்தை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்று அந்தப் படத்துக்கு நிழற்படக் கருவியும் வேண்டியதில்லை, கொல்லங்கோட்டுக்கு வரவும் வேண்டியதில்லை. வயல், பனை, மலை, மேகம் என நான்கு சொற்களைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு படத்தை வரைந்து தந்துவிடும். இங்கே தங்குமிடம் நடத்தும் ஒருவர் ஒரு விளம்பரத்துக்காக 40 படங்களை உருவாக்கி, ஒன்றைத் தேர்ந்து, மற்ற 39ஐ விட்டுவிடுகிறார் என்று கொள்வோம். அதற்கு என்ன செலவாகும்?

சாஷா லுச்சியோனியும் உடன் ஆய்வாளர்களும் 2023இல் பல திறந்த மாதிரிகளை அளந்து வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அடிப்படை தருகிறது. 1,000 படங்களை உருவாக்கச் சராசரியாக 2.9 கிலோவாட் மணி மின்சாரம் செலவானது. 1,000 முறை உரை எழுத 0.047 கிலோவாட் மணி. உரைகளை வகைப்படுத்த 0.002 மட்டுமே. படத்துக்கும் உரைக்கும் இடையே ஏறத்தாழ 60 மடங்கு வேறுபாடு. அந்தச் சராசரியில் 40 படங்களுக்கு ஆகும் மின்சாரம், 10 வாட் எல்இடி விளக்கு ஒன்று பன்னிரண்டு மணி நேரம் எரிவதற்குச் சமம். கூகுள் நிறுவனம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஜெமினியிடம் கேட்கும் நடுத்தரமான ஓர் உரைக் கேள்விக்கு 0.26 மில்லிலிட்டர் நீர், அதாவது ஐந்து துளி. மின் உற்பத்தியில் செலவாகும் நீர் அக்கணக்கில் இல்லை, படங்களும் இல்லை.

ஐந்து துளிதானே என்று கேட்பது இயல்பு. அக்கேள்விக்கு விடை கொல்லங்கோடு அமைந்துள்ள அதே சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சியில் இருக்கிறது. பிளாச்சிமடாவில் 2000ஆம் ஆண்டு கோகோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. மழை குறைந்த பகுதி அது. சில மாதங்களிலேயே கிணற்று நீர் கெட்டுப்போனதாக மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 2005இல் உயர்நீதிமன்ற அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க அனுமதித்தும் ஆலை மீண்டும் வழக்கமான உற்பத்திக்குத் திரும்பவில்லை. 2010இல் அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமல் திரும்பியது.

தொலைதூர நகரத்தில் ஒரு புட்டியைக் குடித்தவருக்கு அது சிறிய புட்டிதான். அந்தச் சிறுமைகள் அனைத்தும் ஒரே நிலத்தடியில் கூடின என்பதே பிளாச்சிமடாவின் வரலாறு. தரவு மையங்களின் கணக்கும் அவ்வாறே கூடுகிறது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில் 2024இல் உலகத் தரவு மையங்கள் நுகர்ந்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி. 2030இல் அது 945ஐ நெருங்கலாம். விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் மையம் அமைக்கப்போவதாகக் கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்துள்ளது. விளம்பரத்தைப் பார்ப்பவர் ஓரிடம், நீரைக் கொடுப்பவர் வேறிடம்.

விளம்பரத் துறை செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. உண்மையான நிழற்படம் இருக்குமிடத்தில் செயற்கைப் படம் வேண்டாம். வாடிக்கையாளர் கருத்துகளைத் தரம் பிரிக்கப் பெரிய மொழி மாதிரி எதற்கு? அதற்கென்றே பழக்கிய சிறிய மாதிரி போதும். ஒரே விளம்பரத்தின் நூறு வடிவங்களைத் தானாக உருவாக்கிச் சோதிக்கும் வழக்கத்தைக் குறைத்து, நான்கைச் சிந்தித்து எழுதலாம். காணொளியை உருவாக்குமுன் அது தேவையா என்று இருமுறை கேட்கலாம். சேவை நிறுவனத்திடம் மின்சாரக் கணக்கோடு நீர்க்கணக்கையும், எந்த ஊரின் நீர் என்பதையும் ஒப்பந்தத்திலேயே கேட்கலாம்.

முதல் நான்கும் ஒருவரின் சிக்கனம், அளவில் சிறியவை. கடைசியானதே கனமானது. பெருமாட்டி ஊராட்சி அன்று கேட்டதும் அதைத்தான்: எவருடைய நீர், எவ்வளவு, எவரைக் கேட்டு? வணிகவியல் மாணவர்கள் விளம்பரத் திட்டம் எழுதும்போது செலவு, பார்வை, விற்பனை என மூன்று பத்திகள் போடுகிறார்கள். நீருக்கு நான்காவது பத்தி ஒன்றைச் சேர்த்து, அதை நிரப்ப முயன்று பார்க்கட்டும். நிரப்ப முடியாமல் போனால், அந்த வெற்றிடத்தையே ஆய்வுக் கேள்வியாகக் கொள்ளலாம்.