தறிக்குழிக்குச் சொந்தத் தரை

தென்னேரி

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுகிறேன். பர்மிங்காமில் வீடு வாங்க முன்பணம் கட்டிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்தது. நம் பக்கத்து நெசவாளிகள் அந்தக் காலத்தில் வீடு கட்டப் பணத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தாய்.

முதலில் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழித்தறி வீட்டுக்குள்ளேயே தரையைத் தோண்டிப் போடுவது. நெய்பவர் குழி ஓரத்தில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதி மிதிப்பார். கோர்வைச் சேலை என்றால் கரைப்பக்கம் நாடா போட இன்னொரு ஆளும் வேண்டும். வாடகை வீட்டில் குழி தோண்ட எந்த வீட்டுக்காரர் லேசில் சம்மதிப்பார்? ஐப்பசி கார்த்திகையில் தரை ஊறிக் குழியில் தண்ணீர் சுரந்தால் நெசவு நிற்கும், கூலியும் நிற்கும். அடுப்பெரிய முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அது தீரும்வரை வேறு யாருக்கும் நெய்யப் போக முடியாது. நல்ல தரையும் ஒழுகாத கூரையும் இருந்தால்தான் தொழிலே நடக்கும். அதற்குக் கடன் கேட்கப் போனாலும் அதே முதலாளிதான், இல்லையென்றால் வட்டிக்காரர்.

இப்படிப்பட்ட கடன் பிடியிலிருந்து மக்களை மீட்க வழி தேடியவர்களில் ஃபிரெடரிக் நிக்கல்சன் ஒருவர். சென்னை மாகாண அரசுக்காக ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராய்ந்து 1890-களில் பெரிய அறிக்கை கொடுத்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம் என்று ஆனது. அந்த அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது எங்கே தெரியுமா? நம் காஞ்சிபுரத்தில்! இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பிறகு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அந்தச் சங்க உறுப்பினர்களுக்கு 1975-ல் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிப்பார்கள், அரசு 4 காசு போடும். நூறு ரூபாய் கூலிக்குப் பன்னிரண்டு ரூபாய் நெசவாளி பேரில் சேரும். மழைக்காலத்தில் கை ஏந்தாமல் இருக்க, கடனைவிட இந்தச் சேமிப்புதான் பெரிய துணை என்பேன். தனியாரிடம் கூலிக்கு நெய்பவர்களுக்கு இது கிடையாது. அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

வீடு கட்டக் கூட்டாகப் பணம் சேர்த்த கதையில் உன் ஊருக்கும் பங்கு உண்டு. 1775-ல் பர்மிங்காம் ஸ்நோ ஹில்லில் விடுதி நடத்திய ரிச்சர்ட் கெட்லி ஒரு வீடு கட்டும் சங்கம் தொடங்கினார். நம் குலுக்கல் சீட்டு போலத்தான்: மாதாமாதம் எல்லோரும் பணம் போடுவார்கள், சேர்ந்த பணத்தில் ஒவ்வொருவராக வீடு கட்டிக்கொள்வார்கள். கடைசி ஆளுக்கும் வீடு வந்ததும் அந்தக் காலத்து இத்தகைய சங்கங்கள் கலைந்துவிடும்.

வீட்டுக்காக நீ வாங்கப்போகும் கடனுக்கு வட்டி எத்தனை வருஷம் மாறாமல் இருக்கும், அதன்பின் தவணை எவ்வளவு ஏறலாம் என்று கேட்டு எழுது. சில மாதத் தவணையைக் கையில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போடம்மா.

அன்புடன்,
மாமா