நைஸ்

எங்கள் ஆங்கிலக் கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மை அதிகம் செலவாவது ஒரு சொல்லுக்காகத்தான். சுற்றுலா நைஸ், பூங்கா நைஸ், கட்டுச்சோறு நைஸ், மதர் சுப்பீரியரின் நாமத் திருநாள் கலைநிகழ்ச்சியும் நைஸ். "வேறு சொல்லே அகப்படவில்லையா?" என்று எங்கள் ஆங்கில ஆசிரியை கேட்பார். அகப்படாமல் இல்லை; இது ஒன்றே எல்லா இடத்திற்கும் பொருந்திவிடுகிறதே! இது எங்கிருந்துதான் வந்தது என்று அறியும் ஆவலில், நூலகத்துப் பெரிய அகராதியை நாங்கள் நால்வர் சேர்ந்து மேசைக்குத் தூக்கி வந்தோம்.

மூலம் இலத்தீன் மொழி. 'நே' என்றால் இல்லை. 'ஸ்கீரே' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்து 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவன். பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஆம் ஆண்டையொட்டி இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது 'முட்டாள்தனமான' என்பதே பொருள். கவிஞர் சாசரும் அப்பொருளில் எழுதியிருக்கிறார். அக்காலத்தில் ஒருவரை நைஸ் என்று சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்! 'சயின்ஸ்' என்ற சொல்லும் அதே 'ஸ்கீரே'யிலிருந்து பிறந்ததுதான். ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவர். ஒருவர் அறிவு, மற்றவர் அறியாமை.

பிறகு அது போன போக்கைப் பாருங்கள். கூச்சமுடைய, எளிதில் திருப்தியடையாத, நுட்பமான, துல்லியமான என்று பொருள்கள் பெருகின. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில், போய்ச் சேராத கடிதம் நைஸ் அன்று என்கிறார் துறவி லாரன்ஸ். அற்பமான கடிதமன்று, முக்கியமானது என்பது அவர் கருத்து. இனிமையான என்ற இன்றைய பொருள் பரவியது 18-ஆம் நூற்றாண்டில்தான். ஜேன் ஆஸ்டின் மறைந்த சில மாதங்களில், 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்தாங்கர் ஆபி' நாவலில், காதரீன் ஒரு புத்தகத்தை நைஸ் என்று புகழப்போய் ஹென்றியிடம் நன்றாகக் கேலிக்கு ஆளாகிறாள். எங்கள் ஆசிரியைக்கு இருநூறு ஆண்டு மூத்த துணை!

தமிழுக்கு வந்தும் இது சும்மா இருக்கவில்லை. ஆங்கிலம் அறியாத பாட்டிகூட "மாவை நைசா அரை" என்கிறார். துணிக்கடையில் நைஸ் என்றால் வழவழப்பு. வேலை சொன்னதும் ஒருத்தி நைசாக நழுவினால் அது தந்திரம். இந்தப் பொருளை நம்மவர்களே சேர்த்திருக்க வேண்டும். நம் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம். இன்று மூக்கைப் பொத்துகிறோம். அது இறங்கியது, நைஸ் ஏறியது.

ஏறியது என்று சொன்னோம். ஆனால் எங்களுள் ஒருத்தியின் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களை நினைத்தால் கொஞ்சம் தயக்கமாயிருக்கிறது. அக்கா பி.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வகுப்பு. காபித் தட்டை வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சமையல் தெரியுமா, பாட்டுத் தெரியுமா என்று கேட்டார்கள். படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. புறப்படும்போது வந்தவர்களில் பெரியவர், "நைஸ் கேர்ள், வாயே திறக்கவில்லை" என்று மெச்சினார். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அகராதியில் இறந்துபோனதாகக் குறித்திருந்த அந்த முதல் பொருள் எங்கள் நினைவுக்கு வந்தது. அது இன்னும் இறக்கவில்லையோ?

இதைத் தோழி வீட்டில் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, எம்.எஸ்ஸி.க்கு வாங்கி நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினாள். அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாளாம்.