பனியில்லா ஊரின் நீர்க்கணக்கு

எங்கள் ஊரான பாகான் செராயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்வயல்தான். ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. வயலுக்கு நீர் தருவது புக்கிட் மேரா ஏரி. குராவ் ஆற்றை மறித்து 1906ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட செயற்கை ஏரி அது. குடிநீரும் அங்கிருந்தே வருகிறது.

என் மாமா நெல் பயிரிடுகிறார். வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள் தெரியாமல் அவர் விதையை ஊறவைக்க மாட்டார். முளைவிட்ட விதை நமக்காகக் காத்திருக்காது அல்லவா? ஒரு வறண்ட ஆண்டில் தண்ணீர் திறப்பு தள்ளிப்போனது. கடனுக்கு வாங்கிய உரம் வீட்டில் அடுக்கியபடியே கிடந்தது. “மலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வரும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லக் கூடாதா, தம்பி?” என்று மாமா கேட்டார்.

விடை தேடியபோது ஜேம்ஸ் சர்ச் என்பவரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் அவர் இலத்தீன் கற்பித்தார். மொழிப் பேராசிரியருக்கு மலையில் என்ன வேலை என்று எனக்கும் வியப்புதான்! புக்கிட் மேரா ஏரி உருவான காலக்கட்டத்தில், அவர் ரோஸ் மலையில் ஏறிப் பனியை எடைபோட்டார். உள்ளீடற்ற நீண்ட குழாயைப் பனிக்குள் செருகி எடுத்து, அதை அப்படியே நிறுத்துப் பார்ப்பார். ஆழத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். புதுப்பனி பஞ்சு போன்றது. ஒரு மீட்டர் பனியில் ஏறக்குறைய 10 செண்டிமீட்டர் நீர்தான் இருக்கும். நாள்பட்டு இறுகிய பனியிலோ 40 செண்டிமீட்டர்கூட இருக்கலாம். எடை உண்மையைச் சொல்லிவிடும். அந்தப் பனி உருகும் முன்பே, தாஹோ ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்று அவர் கணித்தார்.

நம் மலைகளில் அப்படிக் காத்திருக்கும் நீர் இல்லை. பெய்த மழையில் ஒரு பகுதி விரைவிலேயே ஆற்றுக்கு வந்துவிடுகிறது. மழைமானியில் ஒரு மில்லிமீட்டர் பதிவானால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுந்திருக்கிறது என்று பொருள். பெய்த மழையைத் துல்லியமாகக் கணக்கிடலாம். அடுத்த மாத மழையை அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே, ஏரியில் தேங்கியுள்ள நீர்தான் நாம் நம்பக்கூடிய இருப்பு. அதையும் வயலுக்கும் வீட்டுக்குழாய்க்கும் பங்கிட வேண்டும்.

இப்பொழுதெல்லாம் மாமா வானத்தைப் பார்ப்பதற்கு முன் ஏரியின் நீர்மட்டத்தைத்தான் விசாரிக்கிறார். கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்த்துச் சொல்வது என் வேலை.