கட்டாத 17 கட்டங்கள்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் உள்கதவில் ஒரு சார்ட் அட்டை ஒட்டியிருக்கிறது. 13 வரிசை, வரிசைக்கு 12 கட்டம், அடியில் தனியாக ஒன்று. ஆக 157 கட்டம். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை போக 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிய பிறகு, என் மகள் ஒரு கட்டத்துக்குப் பச்சை அடிப்பாள். 2024 ஆகஸ்ட் முடியும்போது 43 கட்டம் பச்சையாகியிருந்தது. அதில் 17 கட்டத்துக்கு நான் பணம் கட்டவில்லை. கட்டியாச்சு என்று சொல்லிப் பிள்ளையைப் பச்சை அடிக்க விட்டேன்.

கணக்கு தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் 14 வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கணவர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். 2021 ஜனவரியில் கோவில்பாளையம் பக்கம் வீடு வாங்கினோம். 25 லட்சம் கடன், 7 சதவீத வட்டி, 20 வருடம், மாதத் தவணை 19,382 ரூபாய். முதல் தவணையில் வட்டிக்கு மட்டும் 14,583 போனது. அசலில் கழிந்தது 4,799.

வீட்டுப் பத்திரம் வங்கிப் பெட்டியில் கிடக்க, வில்லங்கச் சான்று போட்டால் அடமானப் பதிவு கண்ணில் பட, 20 வருடம் இருக்க எங்கள் இருவருக்குமே மனசில்லை. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் பிடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. மாதம் 5,000 கூடுதலாகக் கட்டினால் 240 மாதம் 157 மாதமாகச் சுருங்கும் என்று நான்தான் எக்செல்லில் போட்டுக் காட்டினேன். மகளுக்கு அப்போது 5 வயது. அவள் பிளஸ் டூ முடிக்கும்போது பத்திரம் நம் கைக்கு வந்துவிடும் என்றேன். அன்று ராத்திரியே அவர் சார்ட் அட்டையும் ஸ்கேலும் வாங்கி வந்து கோடு போட்டார்.

அந்த 5,000 எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அவருடைய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வந்தது. வாரம் ஆறு நாள் லேத்தில் நின்றவர், ஏழாவது நாளும் வேறொரு பட்டறைக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கு 1,250 ரூபாய். மாதக் கடைசியில் நான்கு ஞாயிற்றுக் கூலியையும் ஒரு பழைய கவரில் போட்டு என் கையில் கொடுப்பார். நோட்டுகளில் கட்டிங் ஆயில் வாசனை இருக்கும். ஒருநாளும் வங்கி ஸ்டேட்மென்ட் கேட்டவர் இல்லை. "நீ பாத்தாச் செரி" என்பார்.

26 மாதம் ஒழுங்காகக் கட்டினேன். 2022 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்றத் தொடங்கியது. 4 சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. எங்கள் கடன் வட்டி ரெப்போவோடு இணைக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி மாறும். 7 சதவீதம் 9.5 ஆனது. தவணைத் தொகையை ஏற்றாமல் வங்கி காலத்தை நீட்டிவிட்டது. 2023 ஏப்ரலில் ஒரு மதியம், டிபன் பாக்ஸை மூடிவிட்டு போனில் கடன் கணக்கைத் திறந்தேன். பாக்கி 22 லட்சத்து 55 ஆயிரம். மீதித் தவணை 322 மாதம்.

240 மாதக் கடன் வாங்கி, 26 மாதம் கட்டி, அதற்கு மேல் 1,30,000 ரூபாயும் கட்டிய பிறகு, இன்னும் 322 மாதம். அந்த எண்ணை மூன்று தடவை பார்த்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இல்லாமல் போனார் என்று நினைத்தேன். எதற்காக என்று தோன்றியது. அந்த மாதம் கவர் என் கைப்பையிலேயே இருந்தது. அடுத்த மாதக் கவரும் அப்படியே.

அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்டால் உருப்படியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய பிரிட்ஜைக் கொடுத்து இரட்டைக் கதவு பிரிட்ஜ் வாங்கினேன், அலுவலகத்தில் வந்த ஊக்கத்தொகை என்று சொல்லி. இரண்டு கல்யாணத்தில் கை தாராளமாக மொய் வைத்தேன். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தேன். மற்றது கரைந்த கணக்கு எனக்கே தெரியவில்லை. கம்பெனியில் 40 ரூபாய் வவுச்சர் காணாமல் போனால் மாலை வரை தேடுகிறவள் நான்.

மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வட்டிக்கு வருமான வரியில் கழிவு இருக்கிறதே, எதற்கு அவசரம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னது சௌகரியமாக இருந்தது. அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்றார் இன்னொருவர். நான் போட்டேனா? ஒரு ரூபாய் போடவில்லை.

இதில் எனக்கு இன்றும் ஆறாதது ஒன்று உண்டு. வட்டி 9.5 ஆனபோது என் தவணை 19,382-இல் அசலுக்குப் போனது வெறும் 1,529 ரூபாய். அதாவது அவர் கொண்டுவந்து கொடுத்த 5,000, நான் கட்டும் முழுத் தவணையைவிட மூன்று மடங்குக்கு மேல் அசலைக் குறைத்திருக்கும். விடாமல் கட்டியிருந்தால் அந்த 322 மாதம் 167 மாதமாக இறங்கியிருக்கும். பாதிக்குப் பாதி. கடன் தொடங்கிய நாளிலிருந்து அந்த 5,000-க்கு அவ்வளவு பலம் இருந்ததே இல்லை. பலம் மிக அதிகமாக இருந்த மாதத்தில்தான் பயனில்லை என்று நிறுத்தினேன். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஸ்டேட்மென்டைத் திறக்கவே பயந்துகொண்டு 17 மாதம் போடாமல் இருந்தேன்.

வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடமே வங்கி கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. என் வங்கியிலிருந்தும் செய்தி வந்தது. படிக்காமலே தள்ளிவிட்டேன்.

ஆனால் பீரோக் கதவைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. மாதம் பிறந்ததும் மகள் கிரேயான் டப்பாவோடு வந்து நிற்பாள். "அம்மா, கட்டியாச்சா?" என்பாள். "கட்டியாச்சு கண்ணு" என்பேன். முதல் வருடம் அவள் அடித்த பச்சை கோட்டுக்கு வெளியே வழிந்து கிடக்கும். நான் பொய் சொன்ன வருடத்தில் அவள் கை திருந்திவிட்டது. முதலில் ஓரங்களில் மெல்லக் கோடு இழுப்பாள், பிறகு உள்ளே நிரப்புவாள், கடைசியில் விரலால் தேய்த்துச் சமமாக்குவாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். சார்ட்டில் இருப்பதிலேயே அழகாக அடித்த கட்டங்கள் அந்தப் பதினேழும்தான். ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

2024 செப்டம்பரில் மூன்றாம் வகுப்புப் பெருக்கல் கணக்கோடு உட்கார்ந்திருந்தவள் தானாகவே 43-ஐ 5,000-ஆல் பெருக்கினாள். "ரெண்டு லட்சத்துப் பதினஞ்சாயிரம் கட்டிட்டமா? பேங்க்ல காட்டும்மா, நான் கழிச்சுப் பாக்கறேன்" என்றாள். காலையில் காட்டுகிறேன் என்று சொல்லித் தூங்க வைத்தேன். பிள்ளைக்கு நான் சொன்ன பதினெட்டாவது பொய் அது.

அன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஸ்டேட்மென்டைத் திறந்து, போனை அவர் கையில் கொடுத்து, "17 மாசமா நான் கட்டலைங்க" என்றேன். அவர் போனைப் பார்த்தார். வட்டி ஏறியதை, 322-ஐ, பிரிட்ஜை, எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து அவர் ஒன்று கேட்டார்.

"கட்டறதில்லைன்னு சொல்லியிருந்தா, நான் ஞாயித்துக்கெழம வீட்டுல இருந்திருப்பனே?"

68 ஞாயிறு. மகளுக்கு ஏழு வயதும் எட்டு வயதும் நடந்த ஞாயிறுகள். 85,000 ரூபாயை எப்படியாவது திருப்பி வைத்துவிடலாம். அந்த நாட்களை எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பேன்? சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுமை இறங்கியிருக்கும். அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மகளிடமும் சொன்னேன். "அம்மா பணம் கட்டாமலே உன்னைப் பச்சை அடிக்கச் சொன்னேன்" என்று நேராகவே சொன்னேன். அவள் சார்ட்டைப் போய்ப் பார்த்தாள். "எதெல்லாம்?" என்று கேட்டாள். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பச்சையை எப்படி அழிப்பது என்று அப்பாவிடம் கேட்டாள். கிரேயானை அழித்தால் அட்டை கிழியும் என்றார். பணம் கட்டக் கட்ட அந்தக் கட்டங்களின் மேல் பேனாவால் தேதி எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவரும் அவர்தான். அதுவரை புதுக் கட்டத்துக்குப் பச்சை இல்லை.

இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதில்லை. நான் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். 5,000 என் சம்பளத்திலிருந்து போகிறது. சம்பளம் விழுந்த மறுநாள் தானாகவே கடன் கணக்குக்குப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன், என் கை வழியாகப் போக வேண்டாம் என்று. 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ இறங்கியபோது, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி வங்கிக்கு எழுத்தில் கொடுத்தேன். பழைய வைராக்கியம் திரும்பவில்லை. சில மாதம் அந்த 5,000 போகும்போது வயிறு காந்துகிறது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது. அந்தப் பயத்தை இப்போது அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேட்மென்டை மாதம் ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் மூன்று பேருமாகப் பார்க்கிறோம். கழித்தல் மகளுடைய வேலை. 2025 ஜூலைத் தவணைக்குப் பிறகு பாக்கி 21 லட்சத்து 52 ஆயிரத்துச் சொச்சம். 10 கட்டத்தில் தேதி எழுதியாகிவிட்டது. இன்னும் 7 கட்டம் தேதியில்லாமல் பச்சையாக இருக்கிறது.