தம்பிக்கு, ரேடான் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

பென்சில்வேனியாவில் நீ வாங்கப்போகும் வீட்டின் பேஸ்மென்ட்டில் ரேடான் அளவு லிட்டருக்கு 9 பிக்கோகியூரி என்று எழுதியிருந்தாய். "மந்த வாயுதானே அக்கா, எதனோடும் சேராதது நம்மை என்ன செய்துவிடும்?" என்றும் கேட்டிருந்தாய். அந்த மந்தத்தன்மைதான் அதை வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

பாறையிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, பிறகு ரேடானாகிறது. அந்த வரிசையில் மற்றவை எல்லாம் திடப்பொருள்கள். பிறந்த இடத்திலேயே கிடக்கும். ரேடான் மட்டும் வாயு. எதனோடும் வினைபுரியாததால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. ஃபுளோரினோடு அதைச் சேரவைக்கவே வேதியியலாருக்கு 1962 வரை ஆயிற்று. அரை ஆயுள் 3.8 நாள், தரை விரிசல் வழியாக ஏறிவர அது தாராளம். நிறமில்லை, மணமில்லை. காற்றைவிட ஏழெட்டு மடங்கு கனம் என்பதால் கீழேயே தங்கிவிடும் என்று எண்ணாதே. காற்றோடு கலந்து மாடிக்கும் வரும்.

மூச்சில் போன ரேடான் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். அது சிதைந்து உண்டாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214 ஆகியவைதான் ஆபத்து. தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கி ஆல்ஃபா துகள்களை வீசும். வெளியிலிருந்து வரும் ஆல்ஃபாவை நம் தோலின் மேலடுக்கே தடுத்துவிடும். நுரையீரலின் உட்சுவரில் அந்தக் காப்பு கிடையாது. புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு. நீ இன்னும் சிகரெட்டை விடவில்லை என்பதால்தான் எனக்கு இவ்வளவு பதற்றம்.

1984-இல் உன் மாநிலத்திலேயே நடந்தது இது. லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் மணி அடித்தது. நிலையமோ இன்னும் மின்சாரம் தரத் தொடங்கவில்லை. தேடிப் பார்த்தால், கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து உடையோடு வந்திருந்தது! அங்கே சுமார் 2,700 பிக்கோகியூரி. யுரேனியம் செறிந்த ரீடிங் ப்ராங் பாறைத்தொடரின் மேல் அமைந்த வீடு அது. சரிசெய்த பிறகு குடும்பம் அங்கேயே திரும்பிக் குடியேறியது.

ஆகவே வீட்டை விட்டுவிட வேண்டாம். 4-ஐ எட்டினாலே சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. பேஸ்மென்ட் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, மின்விசிறியால் அடிமண் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடுவார்கள். விற்பவரிடமே அதைச் செய்து தரச் சொல். குளிர்காலத்தில் வீட்டின் வெப்பக்காற்று மேலே போகப் போக, கீழே மண்ணிலிருந்து வாயு இழுபடும், சன்னல்களும் மூடியிருக்கும். அப்போது கட்டாயம் மறுபடி அளந்து பார். அதுவரை பிள்ளைகளைப் பேஸ்மென்ட்டில் படுக்கவைக்காதே. புது அளவு வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா